கால் சுடும் கார்

லாஹிரி ஸாஹேபின் கார் ஒரு சுற்றுப் போய்விட்டு பாலிகஞ்ச் பங்களா வாசலுக்குத் திரும்புவதற்குள், ராஜாராமனின் இரண்டு சாக்ஸும் இஸ்திரி போட்டு எடுத்தது போலாகிவிட்டன. இறங்கியவர் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு கால் மாற்றினார்.

"தெரிஞ்சுதா, ராஜாபாபு?" படியில் நின்றிருந்த மேம்ஸாஹேப் கேட்டாள். "துர்கா பூஜையிலேருந்து என் கால் என்ன பாடு படுதுன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது, மேடம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் லாஹிரி ஸாஹேப், ஸ்டியரிங்கை விடாமல்.

"உங்களுக்கு என்னதான் தெரிஞ்சிருக்கு? இது என் பாபா கப்பல்ல கொண்டு வந்த கார். ஜனவரி பழைய கார் ராலியிலே நான் இதிலே உக்காந்துதான் வருவேன். மூணு வருஷமா வந்தேன், இந்த வருஷமும் வருவேன். அதுக்குள்ளே இந்த அனல் காத்து நிக்கணும். ரிப்பேர் பண்ண ஆள் இருக்கா இல்லையா?"

ஸாஹேப் சுற்றுமுற்றும் பார்த்தார். கையெழுத்துக்காகக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸிலிருந்து வந்து, மேம்ஸாஹேபின் உத்தரவின் பேரில் காரில் ஏற்றப்பட்டு, இப்போது ஒற்றைக் காலில் நிற்கும் ராஜாராமன் மேல் அவர் பார்வை விழுந்தது. முகம் மலர்ந்தது.

"ஏன் இல்லை? மிஸ்டர் ராஜாராமன் பார்த்துக்குவார். மதராஸிகளுக்கு இதிலெல்லாம் நல்ல மூளை."

ராஜாராமன் லாஹிரி ஸாஹேபின் தேயிலை புரோக்கர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டெனோ. அவருக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் டைப்ரைட்டர். அதிலும் ரிப்பன் மாற்றுவது வரைதான். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணம் ஒன்று ஸாஹேபின் மேஜைத் தட்டில் மூன்று மாதமாகக் கிடந்தது.

கம்பெனியின் கோயம்புத்தூர் கிளையில் மஹாதேவன் என்பவர் ஜனவரி கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குத் தன்னை மாற்றும்படி ராஜாராமன் விண்ணப்பம் கொடுத்திருந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த தரைத்தளத்து இரண்டு அறைகளுக்குள், குளிர்காலம் வந்தால் அக்கம்பக்கத்துக் கரி அடுப்புப் புகையெல்லாம் வந்து தங்கிவிடும். அவர் மனைவி வசுமதிக்கு நவம்பரில் ஆரம்பிக்கும் இழுப்பு மார்ச் வரை போகாது. "ஒண்ணு நுரையீரலை மாத்தணும், இல்லே ஊரை மாத்தணும். நுரையீரல் என்கிட்ட ஸ்டாக் இல்லை" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஆகவே ராஜாராமன், "ராலிக்குள்ள சரி பண்ணிடலாம் சார்" என்றார்.

ஸாஹேபின் டிரைவர் பிரிட்டோ, தூத்துக்குடிக்காரர். அம்பாஸடரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ராஜாராமன் கேட்டைத் தாண்டும்போது கூடவே வந்தார்.

"சார், ஒங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல?"

"என்ன பிரிட்டோ பண்றது? பெரிய மனுஷா சொல்றா."

"சொல்லுவாக. நீங்க இன்னிக்குப் பாக்கேன், நாளைக்குப் பாக்கேன்னு இழுத்துட்டே கெடங்க சார். ஜனவரி வந்து போயிரும்."

ராஜாராமனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு கடிதத்தைக்கூட நாளைக்கு என்று தள்ளி வைத்ததில்லை.

அவர் ஆபீஸ்காரராகவே யோசித்தார். காலில் காற்று அடிக்கிறது. காற்று என்றால் எங்கோ ஒரு ஃபேன் இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்தினால் காற்று நிற்கும். மறுநாள் பிரிட்டோவிடம் காரைத் திறக்கச் சொன்னார். முன்னால் திறந்தால் பெட்டி வைக்கும் இடம். பின்னால் திறந்தால் இன்ஜின். அதன் மேல், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெரிய ஃபேன், ஒரு பெல்ட்டில் மாட்டியிருந்தது.

"இதுதான்!" என்றார் ராஜாராமன், குற்றவாளியைப் பிடித்துவிட்ட குரலில். "இந்த பெல்ட்டைக் கழட்டுங்கோ."

"சார், இதக் கழத்துனா முன்னால செவப்பு வெளக்கு எரியும் சார்."

"எரியட்டுமே. ராலி பகல்லதானே?"

பிரிட்டோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பங்களாவின் மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பெல்ட்டைக் கழற்றினார்.

அன்று மாலை ஸாஹேபும் மேம்ஸாஹேபும் காரில் ஏறினார்கள். பின்னால் குழந்தைகள் உட்காரும் இடுக்கில் ராஜாராமன், மடக்கிய குடை போல மடங்கிக்கொண்டார். கார் கிளம்பியது. காலில் காற்றே இல்லை.

"ஓ மா! நின்னுடுச்சே!" மேம்ஸாஹேப் கைதட்டினாள். "ராஜாபாபு, நீங்க ஒரு ஜீனியஸ்!"

ஸாஹேபின் பிடரி விறைத்ததை ராஜாராமன் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஜீனியஸ் பட்டம் கரியாஹாட் சந்திப்பு வரைதான் நிலைத்தது. அங்கே சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து தீய்ந்த எண்ணெய் வாடை வந்தது. அடுத்து புகை. ராஜாராமனின் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரம் தோசைக்கல் ஆனது. அவர் கத்திக்கொண்டு முன் சீட்டுகளுக்கு இடையே பாய்ந்தார்.

கல்கத்தாவில் நடுத்தெருவில் ஒரு கார் நின்றால் ஐந்து நிமிஷத்தில் ஐம்பது இன்ஜினீயர்கள் கூடிவிடுவார்கள். கூடினார்கள்.

"தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து!" என்றார் ஒருவர். டீக்கடைக்காரர் ஒரு கெட்டில் தண்ணீரோடு ஓடி வந்தார். எங்கே ஊற்றுவது? முன்னால் திறந்தார்கள். பின்னால் திறந்தார்கள். ரேடியேட்டரைக் காணோம்.

"களவு போயிடுச்சு" என்று கண்டுபிடித்தார் ஒரு கிழவர். "போன மாசம் என் மாப்பிள்ளை வண்டியிலேயும் இப்படித்தான் பேட்டரியைத் தூக்கிட்டான்."

இதற்குள் போக்குவரத்து சார்ஜன்ட் வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ரேடியேட்டர் எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டது, நிறம் என்ன, யார் மேலாவது சந்தேகம் உண்டா? மேம்ஸாஹேப் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒரு கை ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். எதிரே வந்த டிராமிலிருந்து அவளுடைய மகளிர் சங்கச் செயலாளர் அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

ராஜாராமன் அன்றோடு தன் உத்தியோகம் போயிற்று என்று நினைத்தார். ஆனால் மறுநாள் ஸாஹேப் அவரைக் கூப்பிட்டபோது கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டி, எண்ணெய் மாற்றி, மெக்கானிக் போய்விட்டானாம்.

"காத்து?" என்று தயங்கிக் கேட்டார் ராஜாராமன்.

"முன்னை மாதிரியே அடிக்குது" என்றார் ஸாஹேப், மனிதர் காய்ச்சல் விட்டு எழுந்தவர் போல் தெளிவாக. "நீங்க தைரியத்தை விட்டுடாதீங்க. முயற்சி பண்ணுங்க. அது கிடக்கட்டும், உங்க கோயம்புத்தூர் அப்ளிகேஷன் ஒண்ணு இருந்ததே?"

அதை எடுத்து ஓரத்தில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதினார்.

ராஜாராமன் வீட்டுக்கு வந்து சொன்னபோது வசுமதி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்ஜினை எரிச்சேள். பரிசீலிக்கலாம்னு எழுதிட்டாரா?"

"பெரிய மனசு வசு அவருக்கு."

"எனக்கென்னவோ புரியலை."

"உனக்கு எல்லாத்தையும் சந்தேகப்படணும்."

ஃபேனை நிறுத்த முடியாது என்றால் காற்று வரும் வழியை அடைக்க வேண்டியதுதான். இது அவருடைய இரண்டாவது யோசனை. சணல் விளையும் நாட்டில் அடைப்புக்கா பஞ்சம்? ஆபீஸ் கிடங்கிலிருந்து ஒரு பழைய கோணிப்பையை வெட்டி, உருட்டி, இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் இருந்த ஓட்டையில் பேனாவால் குத்திக் குத்தி அடைத்தார். பிரிட்டோ பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கீழே வழி அடைபட்ட காற்று மேலே கண்ணாடிக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வந்தது. அதுவும் சும்மா வரவில்லை. வறுபட்ட கோணியின் நார்களைக் கூடவே அள்ளிக்கொண்டு வந்தது. மேம்ஸாஹேப் அன்று ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகத்தில் புதிதாகப் பூசிய க்ரீம் இன்னும் காயவில்லை. கல்யாண வீட்டு வாசலில் இறங்கியபோது அவளுக்கு இலேசாகத் தாடி முளைத்திருந்தது.

"இஷ்!" என்று மணப்பெண்ணின் தாய் பின்வாங்கினாளாம்.

மறுநாள் ராஜாராமன் ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸாஹேப் அறைக்குள் போனார். ஸாஹேப் ஜன்னலுக்கு வெளியே பார்த்து நின்றிருந்தார். தோள்கள் குலுங்கின. திரும்பியபோது கண்ணில் நீர்.

"ஜலதோஷம்" என்றார். "உக்காருங்க ராஜாராமன். டீ சாப்பிடுறீங்களா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் ராஜாராமன் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். டீ வந்தது. விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பரிசீலிக்கலாம்' என்பதற்குக் கீழே 'பலமாகச் சிபாரிசு செய்கிறேன்' என்று ஸாஹேப் எழுதுவதைக் கோப்பை விளிம்புக்கு மேலாகப் பார்த்தார்.

மூன்றாவது யோசனை அவர் மானத்தை வாங்கியது. டாக்ஸிக்காரர்கள் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளும் நீல நிறப் பிளாஸ்டிக் ஃபேன் ஒன்றை மல்லிக் பஜாரில் வாங்கி, மேம்ஸாஹேபின் முகத்துக்கு நேராகப் பொருத்தினார். சூட்டுக்கு எதிராகக் குளிர்ச்சி. ஆனால் அந்தக் குட்டி ஃபேன் குளிர்ச்சியை எங்கிருந்து கொண்டு வரும்? இருந்த அனலைத்தான் அள்ளி முகத்தில் அடித்தது. போதாததற்கு, அன்று மேம்ஸாஹேப் அழகு நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டு வந்த கொண்டையின் நுனியைச் சுற்றிக்கொண்டும் விட்டது. கத்தரிக்கோல் வர வேண்டியிருந்தது.

"இனிமே ராலி அன்னிக்குத்தான் இந்தக் கார்ல கால் வைப்பேன்" என்று மேம்ஸாஹேப் வெட்டிய முடியைக் கையில் பிடித்துக்கொண்டு சபதம் செய்தாள். "அன்னிக்கும் காத்து அடிச்சா, ராஜாபாபு, உங்களை நான் பார்த்துக்கறேன்."

"ஆர்டரை டைப் பண்ணிடுங்க" என்றார் ஸாஹேப் அடுத்த நாள். "ராலி முடிஞ்ச திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

தன்னுடைய மாற்றல் உத்தரவைத் தானே டைப் செய்யும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? ராஜாராமன் புது ரிப்பன் மாட்டி, புதுக் கார்பன் வைத்து, ஒரு பிழையும் இல்லாமல் அடித்தார். கையெழுத்துக்கு விட்ட இடத்தை மட்டும் மூன்று தடவை தடவிப் பார்த்தார். வசுமதி பித்தளைப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மாடி வீட்டு ஜலஜாவுக்குக் கொடுத்துவிட்டாள். கோயம்புத்தூரில் கேஸ் சீக்கிரம் கிடைக்கும் என்று மஹாதேவன் எழுதியிருந்தார்.

இத்தோடு ராஜாராமன் சும்மா இருந்திருக்கலாம். பிரிட்டோவும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த டீயும் அந்தச் சிபாரிசும் அவர் நெஞ்சை உறுத்தின. மூன்று தடவை தோற்றவனைத் தட்டிக் கொடுக்கிற முதலாளிக்கு இந்தச் சின்னக் காரியத்தைக்கூடச் செய்து கொடுக்காமல் ரயில் ஏறுவதா?

காலேஜ் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு ரிப்பேர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதே காரைப் பற்றியது. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் விரித்துவைத்துப் படித்தார். மாலைக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

"இங்க பாரு வசு. இந்தக் காருக்குத் தண்ணியே கிடையாது. ரேடியேட்டர் இருந்தாதானே களவு போக? அந்தப் பெரிய ஃபேன் ஊதற காத்துதான் இன்ஜினைக் குளிர வைக்கறது. அதே காத்துல கொஞ்சத்தைப் பிரிச்சு, புகை போற குழாயைச் சுத்தி ஒரு தகர உறை போட்டு, அதுக்குள்ள விடறான். குழாய் நெருப்பாக் கொதிக்கறதோல்லியோ, காத்தும் சூடாயிடறது. அதைத்தான் கால்கிட்ட விடறான். குளிர் தேசம் பாரு."

வசுமதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்போ ஒருத்தரைக் குளிர வைக்கறதும் இன்னொருத்தரைச் சுடறதும் ஒரே ஃபேனா?"

"ஒரே ஃபேன். அதான் அதை நிறுத்தினதும் இன்ஜின் வெந்து போயிடுத்து."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்கோ."

"விளையாடாதே."

அவள் இருமி முடித்துவிட்டு, படத்தை எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அந்தத் தேசத்துல வெயில் காலமே வராதா?"

"வராம என்ன?"

"அப்போ வெயில் நாள்ல இந்தச் சூட்டுக் காத்து எங்க போகும்? ஃபேனை நிறுத்தப்படாது. உறையைக் கழட்ட முடியாது. வெளியில தள்ளறதுக்கு எங்கேயோ ஒரு கதவு இருந்தாகணும். இந்த ஜன்னலை நான் புகைக்குச் சாத்தலையா, அது மாதிரி. அந்தக் கதவு சரியா சாத்திக்கலை போலருக்கு."

ராஜாராமன் பக்கத்தைத் திருப்பினார். கதவு இருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் ஒரு கைப்பிடியை இழுத்தால் இரண்டும் திறக்க வேண்டும். தள்ளினால் இரண்டும் மூடி, அனலைக் காருக்கு அடியில் தெருவில் விட்டுவிட வேண்டும்.

"வசு! நீதான் ஜீனியஸ்!"

"ஆர்டர்தான் அடிச்சாச்சே. பேசாம விட்டுடுங்கோளேன்" என்றாள் அவள். ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் அவள் முகத்திலும் தெரிந்தது.

ராலிக்கு இரண்டு நாள் முன்பு ராஜாராமன் வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பிரிட்டோவைக் கைப்பிடியை அசைக்கச் சொன்னார். வலது கதவு சொன்னபடி கேட்டது. திறந்தது, மூடியது. இடது கதவு அசையவில்லை. நன்றாகத் திறந்தபடி, ஒரு கெட்டிக் கம்பியால் பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்து, நாலு முறுக்கு முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கம்பி பளபளவென்று புதிதாக இருந்தது.

"பார்த்தேளா பிரிட்டோ! எந்த மடையனோ இதைக் கட்டி வச்சிருக்கான்!"

வெளியே பிரிட்டோவின் செருப்பு மட்டும் தெரிந்தது. செருப்பு ஓரடி பின்வாங்கியது.

"கட்டிங் பிளையரைக் குடுங்கோ."

"சார்" என்றார் பிரிட்டோ. "ஒங்க ஆர்டருல கையெழுத்து ஆயிருச்சா?"

"திங்கட்கிழமை."

"அப்பம் செவ்வாக்கிழமைக்கு வெட்டலாமே சார்."

"ராலி ஞாயித்துக்கிழமை, பிரிட்டோ!"

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன்."

ராஜாராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மனிதனுக்கு வேலை என்றாலே வேப்பங்காய். தானே கையை நீட்டித் துழாவி, பிளையரை எடுத்து, கம்பியை வெட்டினார். கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட எந்தச் சத்தமும் அவருக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

ஞாயிறு காலை பனி இன்னும் விலகாத மைதானத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. வசுமதியும் கம்பளிச் சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். லாஹிரி ஸாஹேப் கரை போட்ட வேட்டியும் கைகளில் கொசுவம் வைத்த குர்தாவுமாக இருந்தார். மேம்ஸாஹேப் தன் அம்மாவின் சரிகை வைத்த முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். மிகவும் பயந்துகொண்டுதான் காருக்குள் காலை வைத்தாள். கார் கிளம்பி ஒரு சுற்று வந்தது.

"ஓ மா! என்ன சுகம்! ராஜாபாபு, ஒரு துளி சூடு இல்லை!"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள்.

கார் ராஜாராமனையும் வசுமதியையும் இரண்டு தடவை கடந்து போனது. முதல் தடவை, "க்ளட்சை ஏன் அப்படி மிதிக்கிறீங்க? பாபா ஒரு நாளும் அப்படி மிதிக்க மாட்டார்" என்று கேட்டது. இரண்டாவது தடவை, மூன்று மணி நேரம் கழித்து, "சொன்னேனே, இடது பக்கமாப் போங்கன்னு! பாபாவா இருந்தா" என்பது வரை கேட்டது. ஸாஹேப் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தபால்தலையில் அச்சடித்தது போல் இருந்தது.

"ரொம்பக் களைச்சுப் போயிட்டார், பாவம்" என்றார் ராஜாராமன்.

வசுமதி போகும் காரையே திரும்பிப் பார்த்தாள்.

மிகப் பொருத்தமான தம்பதி என்ற பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு மேம்ஸாஹேப் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். இந்தக் காரைச் சரிசெய்து கொடுத்த பெருமை தன் கணவரின் ஆபீஸைச் சேர்ந்த ராஜாபாபுவுக்கே என்றாள். கூட்டம் கைதட்டியது. ராஜாராமனுக்குக் கண் கலங்கியது. மேம்ஸாஹேப் தொடர்ந்தாள். "இத்தனை நாளா இவர் சாயங்காலம் க்ளப்புக்குத் தனியாத்தான் இந்தக் கார்ல போய்க்கிட்டிருந்தார். நாளையிலேருந்து தினமும் நானும் கூடப் போவேன்!"

ஸாஹேபும் கைதட்டினார். உள்ளங்கைகள் படாமல் தட்டினார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ராஜாராமன் பேனாவுக்கு மை நிரப்பி, உத்தரவை அட்டையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஸாஹேப் உட்காரச் சொல்லவில்லை. உத்தரவை வாங்கிப் படித்தார். மேலிருந்து கீழாக, கமா விடாமல் படித்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே போட்டு, மூடினார். அதுவும் 'டப்' என்றுதான் சத்தம் போட்டது.

"மஹாதேவனுக்கு ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுத்திருக்கேன்."

"சார்?"

"உங்களை மாதிரி ஃபேனைப் புரிஞ்சுக்கிட்ட ஆள் இந்த ஊர்லேயே இல்லை. மேம்ஸாஹேப் சொல்றாங்க. உங்களை நான் எப்படி விட முடியும்? அடுத்த ஜனவரி பார்க்கலாம்."

"சார், என் ஒய்ஃபுக்கு மூச்சு..."

"ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லுங்க." ஸாஹேப் ஒரு கடிதத்தைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார். "அந்த ரிப்பேர் புத்தகம் உங்ககிட்ட இருக்காமே. அதைப் பங்களாவிலே கொடுத்துடுங்க. இனி அது உங்களுக்கு வேண்டாம்."

ராஜாராமன் பஸ்ஸில் ஏறவில்லை. தன் மேஜையில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலிகஞ்ச் வரை நடந்தே போனார். வீட்டில் வசுமதி இந்நேரம் கடைசிப் பாத்திரத்தையும் சுற்றி முடித்திருப்பாள். ஸ்டவ்வைத் திருப்பிக் கேட்க ஜலஜா வீட்டு மாடிப்படியை அவள் எப்படி ஏறுவாள்? எட்டுப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டும். எங்கே தப்பு செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். இன்ஜினை எரித்தபோது ஸாஹேப் பரிசீலித்தார். தாடி முளைக்க வைத்தபோது சிபாரிசு செய்தார். கொண்டையை வெட்ட வைத்தபோது டைப் அடிக்கச் சொன்னார். சரியாகச் செய்ததைத் தவிர வேறு என்ன செய்தேன்?

பங்களாவின் ஷெட்டில் அந்தக் கார் நின்றிருந்தது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் தரையில் ஒரு பிளையர், ஒரு சுருள் புதுக் கம்பி.

"பிரிட்டோ, என்ன பண்ணிண்டிருக்கேள்?"

அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்து பிளையரைத் தேடியது. ராஜாராமன் அதை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"பூஜைக்கு முன்னால மேம்ஸாஹேப் இதுல ஏறப்படாதுன்னு ஸாஹேப் சொல்லி நாந்தான் சார் கட்டுனேன், இன்னிக்குத் திரும்பவும் கட்டச் சொல்லிருக்காக" என்றது காருக்கு அடியிலிருந்து பிரிட்டோவின் குரல். "இந்தத் தடவையாவது சரி பண்ணித் தொலச்சிராதீங்க சார், அடுத்த ஜனவரிக்கு ஒங்களுக்குக் கோயம்புத்தூர் கெடச்சிரும்."